சம்மதம் கேட்காமல் எழுதிய சிபாரிசு

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ மேசைமேல் வைத்துவிட்டுப் போன சாதனை மலரின் அச்சுப் படியை முழுக்கப் படித்துவிட்டேன். அட்டையிலிருந்து கடைசிப் பக்கம் வரை எல்லாப் படத்திலும் நான் சிரித்துக்கொண்டே இருக்கிறேன். நாலு முறை சட்டமன்றத்துக்குப் போனவள் இருபது வருஷமும் பல்லைக் காட்டிக்கொண்டுதான் இருந்தாள் போல என்று படிக்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். மஞ்சக்குட்டைக்குக் கூடுதல் பஸ் விட வைத்தது, எஸ்டேட் லைன் வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்தது, ஆம்புலன்ஸ் ஒன்று மலைமேலேயே நிற்க வேண்டும் என்று சண்டை போட்டது எல்லாம் இருக்கிறது. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் நான் அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். ஆனால் ஐந்தாம் பக்கத்துக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன். அந்தப் பக்கம் முழுக்க ஒரே படம்தான். பலாமரத்துக்காட்டுப் பட்டாவை ஊர்க் கவுண்டர் சடையன் கையில் நான் கொடுக்கிறேன். கீழே கொட்டை எழுத்தில், 'மலை மக்களுக்கு மண்ணுரிமை மீட்டுத் தந்த தாய்' என்று போட்டிருக்கிறாய்.

அந்தப் படத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். வரும் திங்கட்கிழமை அந்தப் பட்டாமீது கோட்டாட்சியர் விசாரணை. புதன்கிழமை கட்சித் தலைமை அலுவலகத்தில் உனக்கு நேர்காணல். முட்டி இரண்டும் போய்விட்டதால் நான் இனி நிற்கப்போவதில்லை, என் இடத்தில் உன்னை நிறுத்தலாமா என்று பார்க்கிறார்கள். அதனால்தான் நீ அன்றைக்குச் சாப்பிடக்கூட உட்காராமல் என்னிடம் கெஞ்சினாய். "அம்மா, திங்கக்கெழம நீங்க போவாதீங்க. ஒடம்பு செரியில்லைன்னு டாக்டருகிட்ட ஒரு சீட்டு வாங்கிக்கலாம். நீங்க அங்க ஒரு வார்த்த மாத்திப் பேசுனீங்கன்னா உங்க இருவது வருசமும் போயிரும், எனக்கும் ஒண்ணும் இல்லாம போயிரும்" என்றாய். நான் பதில் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு நீ கிளம்பிவிட்டாய். நீ என்னிடமிருந்து கற்றுக்கொண்ட கெட்ட பழக்கம் அது. யாராவது வாயைத் திறக்காமல் இருந்தால் சரி என்று சொன்னதாகக் குறித்துக்கொள்வது. அதனால் இந்தத் தடவை வாயைத் திறந்தே சொல்கிறேன். திங்கட்கிழமை நான் போகிறேன்.

பலாமரத்துக்காட்டை நீ சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். கரடியூர் தாண்டி அந்தச் சரிவில் முப்பது குடும்பம் பாடுபடுகிற பூமி. சாமை விதைத்தார்கள், பிறகு காப்பி வைத்தார்கள், மரத்தில் மிளகு ஏற்றினார்கள். எந்தப் பாறையிலிருந்து எந்த மரம்வரை யாருடைய பங்கு என்று அங்கே நண்டு சிண்டுக்குக்கூடத் தெரியும். ஆனால் தீர்வை ரசீது மட்டும் ஊருக்குத் தலைவர் என்ற முறையில் ஊர்க் கவுண்டர் பேரில் வரும். நம் மலையில் வெகுகாலமாக அப்படித்தான். கவுண்டர் பேரில் இருந்தால் அது ஊர் பூமி. அதைத் தன் பூமி என்று சொல்ல எந்தக் கவுண்டருக்கும் நாக்கு வந்ததில்லை. எழுதாத அந்தப் பழக்கத்தின்மேல் எனக்கு அவ்வளவு பெருமை. கீழ்நாட்டுக்காரர்கள் வரப்புக்கு வரப்பு கேஸ் போட்டுக்கொண்டு கோர்ட்டில் நிற்கிறார்கள், எங்கள் ஊரில் பேச்சுதான் பத்திரம் என்று சபையிலேயே பேசியிருக்கிறேன். கை தட்டினார்கள்.

இரண்டாம் முறை நான் உறுப்பினராக இருந்த கடைசி வருஷம் அந்தப் பூமிக்குப் பட்டா கொடுக்க அரசாங்கம் ஒருவழியாகச் சம்மதித்தது. தேர்தல் அறிவிப்பு எந்த நாளும் வரலாம். வந்துவிட்டால் நடத்தை விதி, ஒரு காகிதம் நகராது. முப்பது குடும்பத்துக்கும் தனித்தனியாக அளந்து கொடுப்பதென்றால் சர்வேயர் மாசக்கணக்கில் மலை ஏற வேண்டும். ஒரே பேரில் என்றால் உடனே முடியும் என்றார்கள், உறுப்பினரின் சிபாரிசுக் கடிதம் ஒன்று வேண்டும், அவ்வளவுதான். நான் ஊருக்குப் போனேன். மாரியம்மன் கோயிலுக்கு முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் அந்தப் பக்கம் காப்பிக்கொட்டை காயவைக்கிற களத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். "கவுண்டர் பேர்லயே எழுதிக்கலாமுங்களா?" என்று கேட்டேன். "எப்பவும் அப்புடித்தானுங்களே" என்றார்கள். அப்போது களத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வெள்ளையம்மா. உனக்கு நினைவிருக்கும், தேர்தல் நேரத்தில் நம் ஜீப்பை மறித்துக் கொய்யாப்பழம் கொடுப்பாளே, அவள்தான்.

"ஏனுங்க, காயிதத்துல எங்க பேரெல்லாம் வராதுங்களா?" என்றாள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உங்கூட்டுக்காரரு பேரே இல்லியாமா, உம்பேருக்கு இப்ப என்ன அவசரம்? கல்யாணப் பத்திரிகையா அடிக்கறோம்?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. மேடைப் பேச்சில் எனக்கு நல்ல பெயர் உண்டு, எதிர்க்கட்சிக்காரனையே சிரிக்க வைப்பேன் என்பார்கள். அந்த வித்தையைக் காட்டி, நியாயமான ஒரே கேள்வியைக் கேட்ட ஒரே ஆளை உட்கார வைத்தேன். பெண் என்பதற்காகவே இந்தத் தொகுதி என்னை ஏளனம் செய்த நாளெல்லாம் இருந்தது. அதை ஜெயித்து வந்தவள்தான் இதைச் செய்தேன். அன்று மாலையே டவுனுக்கு வந்து, என் பெயர் அச்சடித்த தாளில் எழுதினேன். 'ஊர் மக்கள் ஆண், பெண் அனைவரும் ஒருமனதாகச் சம்மதம் தெரிவித்ததை நான் நேரில் அறிவேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். 'ஆண், பெண்' என்று எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. அழகாக இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன்.

நீ படிக்கும்போது உன் முகம் எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியும். நீ பிளஸ் டூ முடித்த வருஷம் உனக்குச் சாதிச் சான்றிதழ் வர இழுத்தடித்தது. நான் அப்போது சட்டமன்ற உறுப்பினர். ஒரு கடிதம், ஒரு போன் போதும். "எல்லாப் பிள்ளைகளும் வரிசையில நிக்குது, நீயும் நில்லு சாமி" என்றேன். நீ நின்றாய். சான்றிதழ் வருவதற்குள் கவுன்சிலிங் முடிந்து, உனக்கு ஒரு வருஷம் போயிற்று. உன் அப்பா அன்றைக்கு வாடகைக்கு ஓட்டிக்கொண்டிருந்த ஜீப்பை நிறுத்திவிட்டு வந்து, "பெத்த பையனுக்கு எழுத முடியாத கை யாருக்கு எழுதும்?" என்று கத்தினார். நான் நிமிர்ந்து நின்றேன். அதற்காக இன்றைக்கும் நான் வெட்கப்படவில்லை. உனக்கு எழுதாததில் தப்பில்லை, அத்தனை பிள்ளைகளும் வரிசையில் காத்துக் கிடந்ததற்கு அந்த வருஷமே சபையில் குரல் கொடுக்காததுதான் தப்பு. ஆனால் ஒன்று சொல்கிறேன். பெற்ற பிள்ளைக்கு எழுதுவதற்கு அவ்வளவு யோசித்த நான், முப்பது குடும்பத்தின் பூமிக்கு யோசிக்காமல் எழுதினேன். சொந்தக்காரனுக்குச் செய்தால்தான் தப்பு, ஊருக்குச் செய்தால் எப்படிச் செய்தாலும் புண்ணியம் என்று நினைத்துவிட்டேன்.

மூன்றாம் தேர்தலில் தோற்று வீட்டில் இருந்தபோது வெள்ளையம்மா வந்தாள். அவள் புருஷன் காலமாகி இரண்டு மாதம் ஆகியிருந்தது. காப்பிச் செடிக்கு மானியம் கேட்டு அலுவலகத்துக்குப் போயிருக்கிறாள். உங்கள் பேரில் ஒரு சென்ட் பூமிகூட இல்லையே என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் என்னைத் திட்டவில்லை. "அன்னிக்கே கேட்டனுங்க, நீங்க தமாசு பண்ணிப் போட்டீங்க" என்றாள். அவ்வளவுதான். நொம்ப நாள் அந்தச் சொல் எனக்குத் தூக்கத்தைக் கெடுத்தது. மறுநாளே சடையக் கவுண்டரைப் பார்க்கப் போனேன். எல்லோர் பேரையும் சேர்த்துக் கூட்டுப் பட்டாவாக மாற்றிக்கொள்ளலாமே என்று ஆரம்பித்தேன். அவர் வெற்றிலையைக் கீழே வைத்துவிட்டு, "ஏனுங்க அம்மிணி, எம்மேல நம்பிக்க இல்லீங்களா?" என்று கேட்டார். நம் மலையில் அந்தக் கேள்விக்கு மேல் பேச முடியாது. காகிதம் கேட்பது பெரியவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். நான் காப்பி குடித்துவிட்டு, அவர் பேத்தி கல்யாணத்தைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பினேன். அவர் கடைசிவரை நாணயமாகத்தான் இருந்தார். அதனாலேயே நான் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. மனுஷன் நாணயமாக இருந்தார் என்பதும் அவருக்குப் பிறகு ஒரு பேரன் வருவான் என்பதும் வேறு வேறு விஷயம் என்று எனக்கு உறைக்கவில்லை.

மறுபடி ஜெயித்துப் போனதும் முதல் வேலையாகக் கேள்வி நேரத்தில் எழுந்தேன். ஊர் பூமிக்கு அதில் பாடுபடுகிற எல்லோர் பேரிலும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் பேரிலும் பட்டா கொடுக்க அரசு முன்வருமா என்று கேட்டேன். பரிசீலனையில் இருக்கிறது என்றார் அமைச்சர். அடுத்த கூட்டத்தொடரில் கேட்டேன். பரிசீலனையில் இருந்தது. மானியக் கோரிக்கையில் பேசினேன், குழுவில் பேசினேன், முதலமைச்சர் மாடிப்படி ஏறும்போது பின்னாலேயே ஏறிக்கொண்டு பேசினேன். அந்தப் படி ஏறித்தான் முட்டி போயிற்று என்று உன் அப்பா சொல்வார். கடைசியில் ஒரு தனித் தீர்மானமே கொண்டுவந்தேன். கொறடா கூப்பிட்டு, ஆளுங்கட்சி உறுப்பினரே இப்படிச் செய்தால் அரசாங்கம் எதையோ செய்யவில்லை என்று ஆகாதா, திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள் என்றார். பெற்றுக்கொண்டேன். ஆமாம் கண்ணு, பெற்றுக்கொண்டேன். அடுத்த முறையும் சீட்டு வேண்டும் என்ற ஆசைதான், வேறு காரணம் ஒன்றும் இல்லை. உன் மலரில் அந்த வருஷத்துக்கு நேராக 'கட்சிக் கட்டுப்பாட்டின் இலக்கணம்' என்று போட்டிருக்கிறாய். கோழைத்தனத்துக்கு இவ்வளவு நல்ல பெயரா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கடைசி முறை அதே தீர்மானத்தை மறுபடி கொண்டுவந்தேன். கொறடா கூப்பிட்டார். "நீங்க என்ன வேணா செஞ்சுக்குங்க, நான் திரும்ப வாங்கிக்க மாட்டனுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன். மணி அடித்தார்கள், உட்காரச் சொன்னார்கள், நான் உட்காரவில்லை. வெள்ளையம்மா பேரைச் சொல்லாமல் வெள்ளையம்மா கதையைச் சொன்னேன். குரல் வாக்கெடுப்பில் தீர்மானம் தோற்றது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களே 'இல்லை' என்று சொன்ன சத்தம் என் காதில் விழுந்தது. வெளியே வந்து கேன்டீனில் ஒரு வடை சாப்பிட்டேன். அவ்வளவு ருசியான வடையை நான் சாப்பிட்டதில்லை. உன் மலரில் அந்த நாள் எங்கேயும் இல்லை. தோற்றுப்போனதை யாரும் சாதனை என்று அச்சடிக்க மாட்டார்கள். ஆனால் யாராவது என்னிடம் சபையில் நீ என்ன செய்தாய் என்று கேட்டால், பஸ்ஸையும் குழாயையும் சொல்வதற்கு முன்னால் நான் அதைத்தான் சொல்வேன்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். கவுண்டர் போய்ச் சேர்ந்தார். விற்கக்கூடாது என்ற நிபந்தனைக் காலம் முடியும்வரை பேரன் காத்திருந்தான். போன வருஷம் கீழேயிருந்து வந்த ஒரு ஹோட்டல்காரருக்கு மொத்த பூமியையும் எழுதிக் கொடுத்துவிட்டு மலையை விட்டே போய்விட்டான். கம்பி வேலி போட ஆள் வந்த அன்றுதான் ஊருக்கே தெரிந்தது. வேலிக்கல் நடத் தோண்டிய குழிகளில் பெண்கள் இறங்கி உட்கார்ந்துகொண்டார்கள். வெள்ளையம்மா முதல் கையெழுத்துப் போட்டு, பட்டாவை ரத்து செய்யச் சொல்லி மனுக் கொடுத்தாள். ஹோட்டல்காரரின் வக்கீல் போன விசாரணையில் ஒரே ஒரு காகிதத்தைத்தான் நீட்டினார். என் கடிதம். ஆண், பெண் அனைவரும் ஒருமனதாக. சட்டமன்ற உறுப்பினரே நேரில் அறிந்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும் என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆளைத்தான் நீ டாக்டர் சீட்டு வாங்கிக்கொண்டு படுக்கச் சொல்கிறாய்.

இதைச் சொன்னால் என் பெயர் கெடும் என்கிறாய். கெடட்டும். இருபது வருஷப் பெயர் ஒரு உண்மையைத் தாங்காது என்றால் அது பெயரே இல்லை, பேனர். மழைக்குத் தாங்காது. எதிர்க்கட்சிக்காரர்கள் இதைச் சுவரெல்லாம் எழுதுவார்கள் என்கிறாய். நன்றாக எழுதட்டும், எழுத்துப்பிழை இருந்தால் நானே போய்த் திருத்திக் கொடுக்கிறேன். பொய்ச் சிபாரிசு கொடுத்ததாக என்மேலேயே நடவடிக்கை வரலாம் என்று உன் நண்பன் வக்கீல் சொன்னானாம். வந்தால் வரட்டும். இந்த மலையில் வனத்துறைக்காரன் போட்ட கேஸுக்காக ஆடு மேய்க்கிற பெண்களெல்லாம் கைக்குழந்தையோடு கீழே போய் நிற்கிறார்கள். மகளிர் பஸ்ஸில் ஓசியில் போய் நிற்க எனக்கென்ன வலிக்கிறது? நான் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை. உன் முகத்துக்குத்தான் பயந்தேன். உனக்கு ஒரு தடவை கொடுக்க மறுத்தேன், மறுபடியும் உன் வாயிலிருந்து பிடுங்குகிறேன் என்று நீ நினைப்பாய். அந்த ஒரு எண்ணம்தான் இரண்டு நாளாக என்னை அரித்தது. எனக்கு நீ ஒரே பிள்ளை. உன்னைச் சபையில் பார்க்க எனக்கு ஆசை இல்லையா? நொம்ப ஆசை.

அதனால்தான் இதை உறையில் போட்டு உன்னிடம் மட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தால் நீ வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவாய், நான் இளகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். இதுவரை எழுதியதைக் காலையில் டவுனில் ஜெராக்ஸ் கடை அமீர் பாயிடம் காட்டி, முடித்துத் தருகிறேன், முப்பத்திரண்டு பிரதி எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஊர்க் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று, உனக்கு ஒன்று, கட்சி அலுவலகப் பலகையில் ஒட்ட ஒன்று. அவர் முதல் பக்கத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார். "ஏனுங்கம்மா, இத நெசமாலுமே ஒட்டோணுங்களா? தம்பிக்கு இப்பத்தான் நேரம் நல்லா வந்துட்டிருக்குது" என்றார். "ஒட்டோணும் பாய். பசை நல்லா தடவுங்க, கிழிக்கறவனுக்கு நகம் வலிக்கோணும்" என்றேன். நான் அன்றைக்குத் தப்பாகச் சொன்னது ஊருக்கு முன்னால். அதைத் திரும்ப எடுத்துக்கொள்வதும் ஊருக்கு முன்னால்தான் இருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு விசாரணை. நாலு முறை உறுப்பினர் என்று எனக்கு அதிகாரிக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவார்கள். அதில் உட்கார மாட்டேன். முட்டி எவ்வளவு வலித்தாலும் மனுக் கொடுத்த பெண்களோடு நிற்பேன். 'ஊர் முழுக்கச் சம்மதித்ததா?' என்று கேட்பார்கள். 'இல்லைங்க. பெண்களை நான் கேட்கவே இல்லை. கேட்ட ஒருத்தியையும் கேலி செய்து வாயை அடைத்தேன். அந்தக் கடிதத்தில் என் கையெழுத்தைத் தவிர எதுவும் உண்மை இல்லை' என்று சொல்வேன். அதை எழுதிக்கொள்ளும்வரை அந்த அறையை விட்டு வெளியே வர மாட்டேன். பூமி திரும்புமா என்று எனக்குத் தெரியாது. வேலி போட்டவர் பக்கம் என் கடிதம் இனி நிற்காது, அது மட்டும் தெரியும்.

புதன்கிழமை நேர்காணலில் உன்னிடம் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அம்மாவுக்கு வயசாகிவிட்டது, நினைவு தடுமாறுகிறது என்று சொன்னால் சீட்டுக் கிடைக்கும். அப்படிச் சொல்லிக்கொடுக்க உன்னைச் சுற்றி நாலு பேர் இருக்கிறார்கள். அம்மா சொன்னது சரி, அந்தப் பூமி அந்தப் பெண்களுடையது என்று நீ சொன்னால் அநேகமாகக் கிடைக்காது. அப்படிக் கிடைக்காமல் போனால் சுயேச்சையாக நில்லு சாமி. இந்த முட்டியோடு ஒவ்வொரு ஊராக ஏறி உனக்கு ஓட்டுக் கேட்கிறேன், டெபாசிட் போனாலும் பக்கத்தில் நிற்கிறேன். முதல் பதிலைச் சொல்லிச் சீட்டு வாங்கிக்கொண்டு வந்தாலும் நான் வீட்டில் உட்கார மாட்டேன். அன்றைக்கும் ஜீப்பில் ஏறுவேன். எந்த ஊரில் எந்த வீட்டில் எந்த நேரத்துக்கு ஆள் இருக்கும் என்று எனக்கு அத்துப்படி. ஒவ்வொரு வாசலிலும் நின்று, இவன் என் மகன், இவனுக்குப் போடாதீர்கள் என்று சொல்வேன். நான் கேட்டு இந்த மலை இல்லை என்று சொன்னது ஒரே ஒரு தேர்தலில்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா,
இந்தத் தொகுதியின் வாக்காளர்.